அழுகாச்சிப் படமாவே பாக்குறியேன்னு கேக்குறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்ல எனக்கு வெச்ச பேரு அழுமூஞ்சி. வயசு 48 ஆகுது, டிவில பழைய படம் ஓடினா ரிமோட்டை யாருக்கும் தரமாட்டேன், கடைசி ரீல் வரும்போது கண்ணுல தூசி விழுந்துடும். என் மக, அவ ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பசங்க, சொந்தக்காரங்க குரூப்புல இருக்குற மாமா மச்சான்னு ஆளாளுக்கு ஒரே கேள்வியையே திருப்பித் திருப்பி கேக்குறாங்க, தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். கதையெல்லாம் போட்டு உடைச்சிருக்கேன், படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

பழைய பொருளையெல்லாம் காட்டினா அது பழைய நெனப்பு படம் ஆயிடுமா?

ஆகாது. இப்ப ஒரு பழக்கம் வந்திருக்கு, படத்துல நாலு சீனுக்கு ஒரு தடவை டேப் ரெக்கார்டர், தேன்மிட்டாய், இங்க் பேனா, சுவத்துல ரஜினி போஸ்டர்னு வரிசையா காட்டுவாங்க, நாமளும் "ஏய் இது எங்க வீட்ல இருந்துச்சுடா"ன்னு முழங்கையால பக்கத்துல இடிப்போம், அவ்ளோதான், வெளிய வந்து டீ குடிச்சா மறந்துடும். அது பொருட்காட்சி. டேப் ரெக்கார்டர் இருந்துச்சுங்கறது எனக்கு முக்கியமில்ல, அதுல யாரு யாருக்காக என்ன பாட்டை பதிஞ்சு குடுத்தாங்க, அந்த கேசட் இப்ப யாருகிட்ட இருக்கு, அதான் எனக்கு வேணும். பொருள் ஒரு ஆள் கையில இருக்கணும். இதை எனக்கு நல்லா புரிய வெச்சது மெய்யழகன்ல வர்ற சைக்கிள்.

மெய்யழகன்ல என்னதான் இருக்கு? ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க, ஒண்ணுமே நடக்கலையே?

நடக்குது, மெதுவா நடக்குது. 2024 செப்டம்பர்ல வந்த படம், பிரேம்குமார் டைரக்‌ஷன். அரவிந்த்சாமி, பேரு அருள்மொழி, சொந்தக்காரங்களுக்குள்ள சொத்து தகராறு ஆகி தஞ்சாவூர் வீட்டை விட்டுட்டு 1996ல மெட்ராஸ் போன குடும்பம். 22 வருஷம் கழிச்சு தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றாரு, ராத்திரி பஸ் ஏறி ஓடிடணும்னுதான் வர்றாரு. அங்க கார்த்தி ஒட்டிக்கிறாரு, அத்தான் அத்தான்னு வாய் நிறைய கூப்பிடுறாரு, ஊட்டி விடாத குறையா கவனிக்கிறாரு, ஆனா இவருக்கு அந்த ஆளு யாருன்னே ஞாபகம் இல்ல, பேரும் தெரியல, கேக்கவும் வெக்கம். நமக்கெல்லாம் இது நடந்திருக்குல்ல? கல்யாண வீட்ல ஒருத்தர் வந்து கையைப் புடிச்சுக்கிட்டு "என்னைத் தெரியுதா"ன்னு கேப்பாரு, நாம "தெரியாம என்ன சித்தப்பா"ன்னு சொல்லிட்டு வேர்த்து ஊத்தி நிப்போம், அந்த அஞ்சு நிமிஷ அவஸ்தையை மூணு மணி நேரம் இழுத்திருக்காங்க, ஆனா இழுத்த மாதிரியே இல்ல.

அப்புறம்தான் அந்த சைக்கிள். ஊரை விட்டு போறப்ப இவங்க வேணாம்னு விட்டுட்டுப் போன பழைய சைக்கிள், அந்த சைக்கிளாலதான் அவன் குடும்பம் தலையெடுத்திருக்கு, அதை இன்னைக்கும் சாமி மாதிரி வெச்சிருக்கான். இவருக்கு அது போன இடமே தெரியாது. தான் குடுத்தோம்னே தெரியாத ஒண்ணுக்கு ஒருத்தன் 22 வருஷமா நன்றியோட இருக்கான், தனக்கு அவன் பேரு கூட தெரியல. அந்த இடத்துல அருள்மொழி உடையறாரு, நானும் உடைஞ்சேன், பக்கத்து சீட்ல ஒரு ஆளு மூக்கை உறிஞ்சது எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

இன்னொண்ணு, நான் மன்னார்குடி பக்கத்து ஆளு. எங்களுக்கு நீடாமங்கலம்னா ரயில்வே கேட். கேட்டு போட்டாச்சுன்னா இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி கடலை வாங்கித் தின்னுட்டு ஊர்க்கதை பேசிட்டு மறுபடி ஏறலாம், அவ்ளோ நேரம். அந்த ஊரை வெச்சு மெதுவா ஒரு படம் எடுக்காம வேற எப்படி எடுக்கிறது?

ரொம்ப நீளம்னு வெட்டினாங்களே, அது சரியா?

ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே ஏறக்குறைய 18 நிமிஷம் வெட்டிட்டாங்க. எனக்கு பிடிக்கல. பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே இலையை எடுத்த மாதிரி இருந்துச்சு.

96 பாத்து ஏன் இவ்ளோ பேரு அழுதாங்க? ஸ்கூல் லவ்வு எல்லாருக்கும்தான் இருந்துச்சு.

அதே பிரேம்குமாரோட முதல் படம், 2018, அதுக்கு முன்ன அவரு கேமராமேன். கதையை ஒரு வரியில சொல்லிடலாம், தஞ்சாவூர்ல பத்தாவது வரைக்கும் ஒண்ணா படிச்ச ராமும் ஜானுவும் 22 வருஷம் கழிச்சு ரீயூனியன்ல பாத்துக்கிறாங்க, ஒரே ஒரு ராத்திரி, காலையில அவ சிங்கப்பூர் ஃப்ளைட் ஏறணும். ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கிறது கூட ரொம்ப கம்மி.

என்னைக் கேட்டா, அழவெச்சது லவ்வு இல்ல, தகவல் போய்ச் சேராதது. அவ காலேஜ்ல இருக்கும்போது இவன் தேடிப் போயிருக்கான், உள்ள சொல்லி அனுப்பியிருக்கான், அவ வேற யாரோன்னு நெனச்சு திருப்பி அனுப்பிட்டா. அவ்ளோதான், மொத்த வாழ்க்கையும் வேற பக்கம் போயிடுச்சு. இது இப்ப இருக்குற பசங்களுக்கு புரியாது, அப்ப செல்போன் கிடையாது, ஒரு ஆளு வாசல்ல நின்னு இன்னொரு ஆள்கிட்ட சொல்லி அனுப்பணும், நடுவுல போறவங்க என்ன சொன்னாங்களோ அதான் சேதி. எங்க தலைமுறையில பாதி பேரு வாழ்க்கை நடுவுல போனவங்க சொன்ன மாதிரிதான் அமைஞ்சுச்சு.

அப்புறம் அந்தப் பாட்டு. ஸ்கூல்ல ஜானு எல்லாப் பாட்டும் பாடுவா, இவன் கேக்குற யமுனை ஆற்றிலே மட்டும் பாடவே மாட்டா, தளபதியில இளையராஜா போட்ட சின்னப் பாட்டு அது, 1991. கடைசியில அவன் வீட்ல கரெண்ட் போன இருட்டுல அவளா பாட ஆரம்பிக்கிறா, இவன் உள்ள இருந்து தடுக்கி விழுந்து சாமானையெல்லாம் தட்டிவிட்டுக்கிட்டு ஓடி வர்றான். படத்துக்கு மியூசிக் கோவிந்த் வசந்தா, காதலே காதலே எல்லாம் அருமையா போட்டிருக்காரு, ஆனா அந்த இடத்துல மியூசிக்கே இல்லாம வெறும் குரலை விட்டாங்க பாருங்க, அந்த அடக்கம்தான் படம்.

இதெல்லாம் பாத்தா வீட்டுக்காரம்மா கோச்சுக்க மாட்டாங்களா?

96 பாத்துட்டு வர்றப்ப பைக்ல பின்னாடி உக்காந்து "யாரு அந்த ஜானு"ன்னு ஒரு கேள்விதான் கேட்டா. நான் ஹெல்மெட்டுக்குள்ள இருந்ததால காதுல விழலன்னு சமாளிச்சேன்.

ஆனா இந்தக் கேள்வியை முதல்ல நேரடியா கேட்ட படம் அழகி, 2002 பொங்கலுக்கு வந்துச்சு, தங்கர் பச்சான் தன்னோட கல்வெட்டுங்கற சிறுகதையையே படமா எடுத்தாரு. ஊர்ல கூடப் படிச்ச தனலட்சுமி, நந்திதா தாஸ், மெட்ராஸ்ல புள்ளையோட தெருவுல கெடக்குறா, வசதியா இருக்குற சண்முகம், பார்த்திபன், வீட்டு வேலைக்குன்னு கூட்டிட்டு வர்றான். எல்லாரும் தனலட்சுமிக்காக அழுதாங்க, நானும் அப்ப அப்படித்தான். இப்ப பாத்தா எனக்கு தேவயானி மேலதான் கண்ணு போகுது. நல்ல பொண்டாட்டி, ஒரு தப்பும் பண்ணல, தன் வீட்டுக்குள்ள தன் புருஷனோட பழைய ஊரே வந்து உக்காந்திருக்குன்னு மெல்ல மெல்ல புரிஞ்சுக்கிறா. நம்ம ஞாபகத்துக்கு இன்னொருத்தர் வாடகை குடுக்கிறாங்கன்னு காட்டின படம் அது. பாட்டு சொல்லி பாடச் சொல்லிக்காக சாதனா சர்கத்துக்கு தேசிய விருது கெடச்சுச்சு, அது வந்தா இப்பவும் எங்க வீட்ல யாரும் பேச மாட்டாங்க.

அப்ப ஆட்டோகிராப்? அது இல்லாம இந்த லிஸ்ட்டே கிடையாதே.

உண்டு உண்டு. 2004ல சேரன் கல்யாண பத்திரிகையை எடுத்துக்கிட்டு பழைய ஆளுங்களைத் தேடிக் கிளம்பினாரு, மொத்த தமிழ்நாடும் பின்னாடியே கிளம்புச்சு. ஞாபகம் வருதே போடாத ஸ்கூல் ஆண்டு விழா அந்த வருஷம் கிடையாது. ஒவ்வொரு பூக்களுமே பாட்டுக்கு எழுதின பா.விஜய்க்கும் பாடின சித்ராவுக்கும் தேசிய விருது, அதை ரெக்கார்ட் டான்ஸ்ல இருந்து கவுன்சிலிங் கிளாஸ் வரைக்கும் போட்டுத் தேய்ச்சுட்டாங்க.

ஆனா ஒரு குறை சொல்லணும், அடிக்க வராதீங்க. ஹீரோ வாழ்க்கையில வந்த பொண்ணுங்க எல்லாரும் கஷ்டப்பட்டு நொந்து போய்தான் இருக்கணுமா? ஒருத்தியாவது "ஓ செந்திலா, வாங்க வாங்க, அப்ப என்னவோ லூசுத்தனமா இருந்தோம்ல"ன்னு சிரிச்சுட்டு காபி குடுத்து அனுப்பியிருந்தா எனக்கு இன்னும் நெருக்கமா இருந்திருக்கும். நெஜத்துல அப்படித்தான் நடக்கும், எனக்கு நடந்துச்சு, காபியில சர்க்கரை ஜாஸ்தி.

பொம்பளைங்க பக்கம் நின்னு பழசை நெனைக்கிற படம் இல்லையா?

கம்மி, ஆனா பூ இருக்கு. சசி டைரக்‌ஷன், 2008, ச.தமிழ்ச்செல்வன் எழுதின வெயிலோடு போய்ங்கற கதை. மாரின்னு ஒரு பொண்ணு, பார்வதி நடிச்சது, சின்ன வயசுல இருந்து மச்சான் மேல உசுரு. அவன் நல்லா இருக்கணும்னு விட்டுக் குடுத்துட்டு வேற ஒருத்தனை கட்டிக்கிறா, அந்தப் புருஷனும் தங்கமான ஆளு, இவளும் சந்தோஷமாத்தான் இருக்கா. ஒரு நாள் மச்சானைப் பாக்க வேகாத வெயில்ல நடந்து போறா, போனா அவன் நல்லா இல்ல. அவன் தனக்குக் கெடைக்கலன்னு அவ அழல, தான் விட்டுக் குடுத்ததுக்கு பலன் இல்லாம போச்சேன்னு அழுவுறா. இதுக்கு மேல சொன்னா எனக்கே தொண்டை அடைக்கும். ஏன் அது தியேட்டர்ல பெருசா போகலன்னு இன்னைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

அந்தக் காலத்து டிவி நெஜமாவே நல்லா இருந்துச்சா, இல்ல சும்மா பில்டப்பா?

பாதி பில்டப்பு. உண்மையைச் சொல்லணும்னா முக்கால்வாசி நேரம் போர். வயலும் வாழ்வும்ல ஒருத்தர் பயிருக்கு மருந்தடிக்கிறதை அரை மணி நேரம் சொல்வாரு, எங்க ஊரே அந்த வேலையைத்தான் பகல் பூரா பாத்துட்டு வந்து உக்காந்திருக்கும், அதையும் வாயைப் பொளந்துக்கிட்டு பாப்போம்.

மெட்ராஸ்ல 1975லயே தூர்தர்ஷன் வந்துடுச்சு, எங்க பக்கம் அது ஒழுங்கா எடுக்கறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் டெல்டா பக்கம் எங்களுக்கு டிவின்னா சிலோன் ரூபவாகினிதான், 1982ல தொடங்கினது, கடலைத் தாண்டி வந்துடும். ஆன்டெனாவை தெக்க திருப்பி மூங்கில் கம்புல கட்டி, ஒருத்தன் மாடியில, ஒருத்தன் ஜன்னல்ல, ஒருத்தன் டிவி முன்னாடி, "வருதா"ன்னா "வருது வருது, போச்சு, பழையபடி திருப்பு"ன்னு கத்திக்கிட்டு இருப்போம். சிங்களத்துல நியூஸ் ஓடும், ஒரு எழவும் புரியாது, தெளிவா தெரியுதேங்கற சந்தோஷத்துல முழுசா பாத்தோம்.

தெருவுக்கே ஒரு டிவி, சாலிடேர், மரப்பொட்டியில வெச்ச இழுப்புக் கதவு, அதை அந்த வீட்டு ஆச்சி திறக்கிற சத்தத்துக்கு திண்ணையில காத்துக்கெடப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலியும் ஒளியும். அடுத்து என்ன பாட்டுன்னு தெரியாது, கறுப்பு வெள்ளை பாட்டா போட்டுட்டு கடைசியில ஒரே ஒரு புதுப்பாட்டு வரும், அதுலயும் பாதியில "தடங்கலுக்கு வருந்துகிறோம்"னு அட்டையை போட்டுடுவாங்க. அந்த அட்டை மேல எனக்கு இருந்த கோவம் வேற எவன் மேலயும் இருந்ததில்ல, இப்ப அதை மொபைல்ல வால்பேப்பரா வெச்சிருக்கேன், என்னத்த சொல்ல.

அதனால நான் நிகழ்ச்சிக்காக ஏங்கல. அந்தக் கூடத்துல நாப்பது பேரு தரையில உக்காந்து ஒரே நேரத்துல ஒரே பாட்டைப் பாத்தோம்ல, அதுல பாதிப் பேரு இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியலல்ல, அதான் இழுக்குது.

ஜுனூன் தமிழ்னு ஏதோ சொல்லி சிரிக்கிறீங்களே, அது என்ன?

தொண்ணூறுகள்ல தூர்தர்ஷன்ல இந்தி சீரியலை தமிழ்ல டப் பண்ணி போட்டாங்க, ஜுனூன்னு பேரு. வாயசைவுக்கு ஒத்து வரணும்னு வார்த்தையை முன்ன பின்ன மாத்திப் போட்டுடுவாங்க, "நான் வந்திருக்கேன் இங்க உன்னை பாக்கறதுக்காக"ங்கற ரேஞ்சுல போகும். ஊர் பூரா அப்படியே பேசி கிண்டல் பண்ணோம். என் தங்கச்சி இன்னைக்கும் போன் பண்ணினா "சாப்பிட்டியா நீ சாப்பாட்டை"ன்னுதான் ஆரம்பிப்பா.

சீரியல்னாலே மாமியார் மருமக சண்டைதானே, அதுல என்ன மனசைத் தொடுறது இருக்கு?

1993 ஏப்ரல் 14 சன் டிவி வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சாயங்காலம் பூரா சீரியல் ஆயிடுச்சு. சித்தி ஓடின 1999, 2001 சமயத்துல கண்ணின் மணி பாட்டு, நித்யஸ்ரீ குரல், தெரு முனையில கேக்க ஆரம்பிச்சா நடந்து நம்ம வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வரி விடாம கேட்டுக்கிட்டே வரலாம், எல்லா வீட்லயும் அதே ஓடும்.

ஆனா என் மனசுல நிக்கறது மெட்டி ஒலி. திருமுருகன் எடுத்தது, 2002ல இருந்து 2005 வரைக்கும். அஞ்சு பொண்ணைப் பெத்த சிதம்பரமா டெல்லி குமார். கட்டிக் குடுத்த வீட்ல பொண்ணு கஷ்டப்படுறா, இந்த ஆளு போய் வாசல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு, கத்தல, வசனம் பேசல, சும்மா நிக்கிறாரு. எங்க அம்மா அதைப் பாத்துட்டு "எங்க அப்பாவும் இப்படித்தான்டா ஒரு தடவை வந்து நின்னாரு"ன்னு சொன்னாங்க. எனக்கு அந்தக் கதையே அதுவரைக்கும் தெரியாது. எப்ப, யாரு வீட்ல, எதுக்குன்னு கேட்டேன், விளம்பரம் முடிஞ்சு சீரியல் வந்துடுச்சு, "அப்புறம் சொல்றேன்"னாங்க. 2020 லாக்டவுன்ல மறுபடி போட்டப்ப மறுபடி பாத்தோம், மறுபடி கேட்டேன், அப்பவும் சொல்லல.

மர்மதேசம் பேய்க் கதை மாதிரில்ல, அதையும் ஏன் இதுல சேக்குறீங்க?

பயமும் பழைய நெனப்புதானே. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன், பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. அந்த சீரியல்ல வந்த விடாது கருப்பு கதையில அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டுட்டு கொல்லைப்பக்கம் போகப் பயந்து அடக்கிக்கிட்டு படுத்த ஆளுங்க எத்தனை பேருன்னு கை தூக்கச் சொன்னா தமிழ்நாடே தூக்கும். வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், மிச்ச ஆறு நாளும் ஆளுக்கொரு கதை கட்டுவோம், இப்ப மாதிரி ஒரே ராத்திரியில மொத்தத்தையும் பாத்து முடிச்சா அந்தக் கதை கட்டுற வேலையே போயிடும். 2024 நவம்பர்ல இந்திரா சௌந்தர்ராஜன் காலமானப்ப எங்க பத்தாங்கிளாஸ் குரூப்புல ஒருத்தன் எதுவும் எழுதல, குதிரைச் சத்தத்தை மட்டும் போட்டான்.

அந்தக் காலத்துல பொறக்காத பசங்களும் இதெல்லாம் பாத்து அழுவுறாங்களே, எப்படி?

என் மக மால்குடி டேஸ் பாத்தா, நம்பவே முடியல. ஆர்.கே.நாராயண் கதைங்க, சங்கர் நாக் 1986ல எடுத்தது, தூர்தர்ஷன்ல வந்துச்சு. மால்குடின்னு ஒரு ஊரே கிடையாது, கர்நாடகாவுல ஆகும்பேன்னு மழை கொட்டுற ஒரு ஊர்ல எடுத்தாங்க. இல்லாத ஊருக்கு எல்.வைத்தியநாதன் போட்ட அந்த "தானா நானா" கேட்டதும் எனக்கு வயித்தப் பிசையும். அவளுக்கும் பிசையுதாம். "உனக்கு என்னடி தெரியும்"னேன், "அந்த சுவாமி பையனுக்கு சாயங்காலம் பண்றதுக்கு ஒரு வேலையும் இல்லப்பா, அதான்"ன்னா. நான் பொழுது போகாம கெடந்ததை போர்னு சொல்றேன், அவ அதுக்கு ஏங்குறா.

கில்லி மாதிரி பழைய படத்தை மறுபடி ரிலீஸ் பண்றாங்களே, அதுவும் இதே கணக்குதானா?

2004ல வந்த கில்லி 2024 ஏப்ரல்ல மறுபடி வந்து தியேட்டர் கிழிஞ்சுச்சு. அது கச்சேரி, எல்லாரும் சேர்ந்து வசனம் சொல்றது, ஆடுறது, நானும் போய் ஆடினேன், முட்டி புடிச்சுக்கிச்சு. நல்ல விஷயம்தான், ஆனா நான் சொல்றது வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கம் வராம இருக்கே, அது.

பழசையே நெனச்சுக்கிட்டு இருக்கிறது உடம்புக்கு நல்லதா?

இதுக்கு நேரா பதில் சொல்லத் தெரியல, நடந்ததைச் சொல்றேன். மெய்யழகன் ஓடிடில வந்தப்ப அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், 79 வயசு, படம் முடிஞ்சும் ஒண்ணும் சொல்லல, மாத்திரை போட்டுட்டு படுத்துட்டாரு. மறுநாள் காலையில பல்லு வெளக்கிட்டு வந்து, "கூத்தாநல்லூர் பெரியம்மா மகன் நம்பர் உன்கிட்ட இருக்கா"ன்னாரு. வரப்புத் தகராறுல இருபது வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. என்கிட்ட இருந்த நம்பர் வேலை செய்யல. அத்தையைக் கேட்டு, அவங்க இன்னொருத்தரைக் கேட்டு, மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுபோச்சு, அவரு போயி ரெண்டு வருஷமாச்சு, சண்டைக்காரங்கன்னு எங்களுக்கு சொல்லி விடல. அப்பா சாப்பாட்டுத் தட்டுல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு, அப்புறம் "நல்லா நீச்சல் அடிப்பான்"னு மட்டும் சொன்னாரு. அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல.

புதுசா பாக்கறவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

முதல்ல 96, ராத்திரி தனியா. அப்புறம் அழகி, வீட்ல அவங்களோட சேர்ந்து, தைரியம் இருந்தா. பூ, ஞாயித்துக்கிழமை மத்தியான வெயில்ல. மெய்யழகனை மட்டும் அப்பா அம்மா, பெரியப்பா சித்தப்பான்னு யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு பாருங்க, நிறுத்தி நிறுத்தி அவங்க கதையைச் சொல்லுவாங்க, நிறுத்தட்டும்.

பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சியெல்லாம் எங்க கிடைக்கும்?

பொதிகைன்னு இருந்த சேனல் 2024 ஜனவரியில டிடி தமிழ்னு ஆயிடுச்சு. பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ்னு யூடியூப்ல ஒரு சேனல் இருக்கு, கச்சேரி, பேட்டின்னு நெறைய போட்டிருக்காங்க. மர்மதேசமும் யூடியூப்ல கெடக்கு. நான் தேடுறது ஒலியும் ஒளியும், நடுவுல வர்ற அறிவிப்பாளர், விளம்பரம், தடங்கல் அட்டை எல்லாத்தோடயும் முழுசா ஒரு வெள்ளிக்கிழமை, இதுவரைக்கும் கைக்கு வரல. அந்தக் காலத்துல டெக்கு வெச்சிருந்தவங்க யாராவது டிவில இருந்து பதிஞ்சிருப்பீங்க, பரண்ல வி.ஹெச்.எஸ் கேசட் கெடந்தா மேல "அக்கா நிச்சயதார்த்தம்"னு எழுதியிருந்தாலும் தூக்கிப் போட்றாதீங்க, கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, நிச்சயதார்த்தம் முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்குற டேப்புலதான் அந்த மாதிரி ஏதாவது இருக்கும். வெள்ளையா பூசணம் புடிச்சிருந்தா அப்படியே போட்டு ஓட்டாதீங்க, ஹெட்டு போயிடும், முதல்ல சுத்தம் பண்ணக் குடுங்க.